பிரேக்கில் விட்ட நல்லெண்ணெய்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு முதலாளியின் பிளஷர் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். சாரல் விழுந்துவிட்டால் ரயிலடிக்கும் ஐந்தருவிக்கும் ஓட்டமோ ஓட்டம். ஒரு வருஷம் சரியாக அந்தச் சமயம் பார்த்து வண்டி கத்த ஆரம்பித்தது.

ரயில்வே கேட் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நடை வந்து பார்த்தார்.

"பள்ளத்துல எறங்கையில கீச்சுன்னா ஸ்பிரிங் பட்டை. அதுக்கு எண்ணெ போதும். இது பிரேக்க மிதிச்சாத்தான கத்துது? பிரேக்குக்குள்ள லைனிங் தேஞ்சு ரிவிட்டு ஆணி டிரம்முல உரசுதுலே. ரெண்டு நாளு வண்டிய விட்டுட்டுப் போ."

சீசன் முடியட்டும் என்றேன். அதுவரை தாங்காது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உமக்கு வேலை வேணும். அதுக்குப் பயங்காட்டுதீரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

மறுநாள் சவாரி வந்த ஒரு அம்மாள், பிரேக் போடும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏம்ப்பா, இது காரா, பன்னிக்குட்டியா?" என்றாள். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. அவர்கள் ஐந்தருவியில் குளிக்கப் போனதும், தலையில் தேய்த்துக்கொண்டது போக சீட்டில் மீதி வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்தேன். கத்துகிற பின்சக்கரத்துக்குக் கீழே படுத்து, டிரம்மின் பின்னாலிருந்த துளை வழியாக விட்டேன். பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிடிக்காமல் வழுக்கும் என்று தெரியாதவனா நான்? நன்றாகத் தெரியும். ரெண்டு சொட்டுதானே என்று நினைத்தேன், கைதான் ரெண்டு சொட்டோடு நிற்கவில்லை.

திரும்பும்போது வண்டி சத்தமே போடவில்லை. அம்மாள்கூட நன்றாயிருக்கிறது என்றாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். இறக்கத்தில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. அழுத்தி மிதித்தேன். ஈர ரோட்டில் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. அந்த அம்மாளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

முதலாளி வந்து, பிரேக் வேலை பார்த்தது யார் என்று கேட்டார். அண்ணாச்சிதான் பார்த்தார் என்று கூசாமல் பொய் சொன்னேன். அவரையே கூப்பிட்டுச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார் முதலாளி. லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அண்ணாச்சி அதை விரலால் தொட்டு முகர்ந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ன வேலை பாத்திருக்கீரு?" என்று முதலாளி கத்தினார். அண்ணாச்சி வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தென்காசி டாக்சிக்காரர்கள் யாரும் அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. முதலாளி ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கேட்டவர்களிடம் நானும் ஆமாம் போட்டேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கடைசியில் அவர் பட்டறையைக் காலி பண்ணிவிட்டுப் புளியறைக்குப் போய், செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டினார்.

ரெண்டு வருஷம் கழித்துக் கேரளா சவாரி போனபோது அங்கே இறங்கினேன். அவர் காலடியில் குத்தவைத்து, நான் செய்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் டியூபைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கே தெரியும்லே. சொன்னா உன் லைசென்ஸு போயிரும்னுதான் பேசாம இருந்தேன். நீயா வந்து மொதலாளிகிட்ட சொல்லிருவன்னு ஆறு மாசம் பட்டறையத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."