வாப்பா போனுக்கு வந்த லிங்க்

எங்கள் வீட்டில் எல்லாமே என் வீட்டுக்காரர் பேரில்தான். கேஸ், கரண்ட், எங்கள் சிம் கார்டு உட்பட. ஆள் மட்டும் துபாயில். எதற்கும் அவர் நம்பரையே கொடுத்திருப்பதால், எந்த ஓடிபி என்றாலும் அங்கேதான் போகும். நாங்கள் போன் போட்டுக் கேட்போம், அவர் என்ன ஏது என்று விசாரிக்காமல் வாசித்துச் சொல்வார். தென்காசியில் எங்கள் தெருவில் பாதி வீட்டுக் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது.

மகள் பதினோராம் வகுப்பு. போனில் ஓர் ஆப்பில் பக்கம் தொடங்கி, மனசில் பட்டதை வேறு பேரில் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், ஆனால் படித்ததில்லை. பதினெட்டு ஆகாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும், புதுச் சட்டம் என்று ஒருநாள் அந்த ஆப்பில் கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த தெருப் பிள்ளையை முகம் தெரியாத எவனோ போனிலேயே மிரட்டி, அது பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவள் நான். அந்தப் பாவிகளைத் தடுக்கச் சட்டம் வேண்டாமா?

இவள் பழக்கதோஷத்தில் அவர் நம்பரையே கொடுத்தாள்.

"வாப்பா, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றாள், கேஸுக்குக் கேட்பதுபோல.

நம்பர் வரவில்லை. லிங்க் வந்தது. அமுக்கினால் பிள்ளை எழுதியது முழுவதும் பெற்றோருக்குத் திறக்கும். அவர் அமுக்கிவிட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். குரலே அவர் குரலாக இல்லை.

"ஏட்டி, நீ படிச்சியா? நான் லீவுல வந்தா எப்ப திரும்பிப் போவேன்னு பாத்துக்கிட்டே இருக்காளாம். நான் இருக்கையில வீட்டுல மூச்சுவிடவே பயமா இருக்காம். நான் அங்கன வந்து அப்படி என்னட்டி செஞ்சேன்?"

அவள் எழுதியது பொய்யில்லை. அவர் வந்தால் நானே குரலைத் தாழ்த்திக்கொள்வேன். ஆனால் அவள் அவருக்கா எழுதினாள்? எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும் பிள்ளை! காப்பாற்றுகிறேன் என்று வந்தவர்கள் அவள் மனசைப் பிரித்து, யார் பார்க்கக்கூடாதோ அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்களே.

அவர் திட்டவில்லை. அனுமதியும் கொடுத்துவிட்டார். வாப்பா படித்துவிட்டார் என்று தெரிந்த பிறகு அவள்தான் ஒரு வரி எழுதவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் எப்படியாவது வந்துவிடுகிற மனிதர். இந்த வருஷம் "லீவு இல்ல" என்றார். வாசல் கேட் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். வெறும் காற்று. அவருடைய சட்டைகள் பீரோவில் அப்படியே தொங்குகின்றன. அதைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அவர் பேசும்போது அவளே என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"வாப்பா, குற்றாலத்துல தண்ணி நல்லா விழுது. வாங்க வாப்பா, போவோம்."

அவர் ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நெசமாத்தான் சொல்லுதியாம்மா? இல்ல, நான் அதைப் படிச்சிட்டேன்னு சொல்லுதியா?"

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.