மகளுக்குச் சேராத ரத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிள்ளைபெற்ற எஸ்தருக்கு ரத்தம் நிற்காமல் போனது. அவள் அம்மா ஞானபாய் கையை நீட்டினாள். டாக்டர் சோதித்துவிட்டு, “உங்க ரத்தம் மகளுக்குச் சேராது” என்றார். மருமகனும் அவன் அண்ணன்மாரும் ரத்தம் கொடுக்கப் பயந்து விலகிக்கொண்டார்கள். மத்தியானம் எஸ்தர் இறந்தாள்.

ஞானபாய்க்கு அழுகை வரவில்லை. சில மாதம் கழித்து, யாரோ ஒருத்திக்கு ரத்தம் தேடுகிறார்கள் என்று கேட்டு நடந்தே போனாள். அவளுக்குச் சேர்ந்தது. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் போனாள்.

“கிறுக்கா யக்கா ஒனக்கு? செத்துப்போவ!” என்றாள் தங்கை.

“போனா போட்டு. மொவளுக்கு ஆவாத ரத்தம் எவளுக்காவது ஆவட்டும்.”

ஊசி வலிக்கிறதா என்று ஒருமுறை நர்ஸ் கேட்டாள்.

“தெரியல்ல மக்கா.”

பக்கத்துக் கட்டிலில் ஞானபாயின் ரத்தம் ஏறிக் கிடந்தவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். ஞானபாய் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.