அரண்மனையைச் சுருட்டிக்கொண்டு போனவர்

பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். எழுதுவது அதைவிடக் கூச்சமாக இருக்கிறது. எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதும் மறந்து மறந்து போகிறது. அந்தப் பொறாமை மட்டும் மறக்கவில்லை.

பாணுக்கு, அதுதான் கடை ரொட்டிக்கு, விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. நாங்கள் தீவில், சரவணை என்ற ஊரில் இருந்தோம். என்னவர் பகலில் சங்கக்கடையில், கூப்பனுக்குப் பருப்பும் அரிசியும் நிறுக்கிற கூட்டுறவுக் கடையில், வேலை பார்த்தார். பின்னேரங்களில் ஊர் நாடகங்களுக்குச் சீன் கீறுவார், மேடைக்குப் பின்னால் தொங்குகிற பெரிய திரைப் படங்கள். தெருவும் அரண்மனையும் காடும் அவருடைய கையில் வந்தவைதான். நான் வீட்டில் பனையோலையில் பாயும் பெட்டியும் இழைப்பேன். அவர் கீறுவதைப் பார்க்க ஊர் கூடும். நான் இழைத்த பாயில் ஊர் படுத்தெழும்பும், அவ்வளவுதான்.

ஒருமுறை திருவிழா நாடகத்துக்குக் கடற்கரைச் சீன் கேட்டிருந்தார்கள். சுற்றிவரக் கடல் கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு மனுஷனுக்குக் கடல் வரவில்லை. கீறுவார், வெள்ளை பூசி அழிப்பார், என்மேல் எரிந்து விழுவார். வேலணையில் மாதர் சங்கத்துக் கண்காட்சிக்கு நானும் ஒரு பாய் இழைக்க வேண்டியிருந்தது. வழக்கமான சதுரக் கட்டம் வேண்டாம், ஒருவரும் காணாத ஒன்றைப் போடவேண்டும் என்று ஆசை. சிவப்பும் கறுப்புமாகச் சாயம் போட்ட ஓலையை வைத்துக்கொண்டு நானும் கை ஓடாமல் இருந்தேன். ஆனால் நான் சத்தம் போடவில்லை, அதனால் அது ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவருடைய கூட்டாளி வந்தார். எங்கள் ஊர்த் தபால்காரர். சீனைப் பார்த்துவிட்டு, "என்னடாப்பா, கடலோ இது? உங்கடை கடைப் பருப்புத் தண்ணி மாதிரியெல்லோ கிடக்குது" என்றார்.

"ஏலாது மச்சான். கை வருகுதில்லை."

"வெளிக்கிடு. காரைநகர் வரைக்கும் மிதிப்பம். சவுக்குக்குக் கீழை ஒரு ராத்திரி கிடந்தால் எல்லாம் வரும்."

அவ்வளவுதான். என்னவர் பழைய அரண்மனைச் சீனைக் கூடாரத்துக்கென்று சுருட்டிச் சைக்கிள் கரியரில் கட்டினார். குசினிக்குள் புகுந்து ஒரு சட்டி, ஒரு பேணி மா, புளி, செத்தல் மிளகாய் என்று கைக்கு அகப்பட்டதை எடுத்தார்.

"காரைநகரிலை எந்த இடத்துக்குப் போறியள்?"

"தெரியாது. நாளைக்கு வந்திடுவன்."

தெரியாது என்று சொல்லிவிட்டு ஒருவர் வீட்டைவிட்டுப் போகலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் பின்னேரம் இரண்டு பேரும் வெயிலில் கறுத்துப்போய், பாடிக்கொண்டு வந்தார்கள்.

"கூழ் காய்ச்சினனாங்கள்," என்றார் இவர். "உம்மடை கூழ் அதுக்குக் கிட்டவும் நிக்காது."

"உண்மைதான் அக்கா," என்றார் தபால்காரர். "அங்கை பிடிச்ச நண்டு. பிலாவிலையைக் கோலிக் குடிச்சம். அமிர்தம்!"

வீட்டில் உப்புப் பேணி எந்தப் பக்கம் என்று தெரியாத மனுஷன்! போய்ப் பார்த்தேன். ஒடியல் மாப் பேணி வைத்தபடியே நிறைந்து இருந்தது. இவர் கொண்டுபோனது புழுக்கொடியல் மா. பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்தால் ஒடியல் மா, கூழுக்கு அதுதான். அவித்துக் காயவைத்து இடித்தால் புழுக்கொடியல் மா, அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். இனிக்கிற மாவுக்குள் நண்டும் புளியும் மிளகாயும்! எங்களோடு இருந்த மாமியிடம், அவருடைய தாயிடம், சொன்னேன். "விசரன்கள்" என்று மாமி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழையான மாவில் காய்ச்சினதையும் அமிர்தமாக்குகிற இடம் எது? நான் ஏன் அதைக் காணவில்லை?

அடுத்த இரண்டு பின்னேரத்தில் கடல் வந்துவிட்டது. நீலம் அப்படியொரு நீலம். ஊரே வந்து நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். வயிறு எரிந்தது.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "இஞ்சாருங்கோ, எனக்கும் கை ஓடேல்லை. என்னையும் அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ."

அவர் சிரித்தார். "பாய் இழைக்கிறதுக்குமோ? நல்ல கதை!"

நான் ஓலையைச் சுருட்டி மூலையில் போட்டேன். கண்காட்சி கிட்ட வந்தும் எடுக்கவில்லை. கடைசியில் மாமிதான் வாய் திறந்தார். "உனக்கொரு நியாயம், அவளுக்கொரு நியாயமோடா? பிள்ளையளை நான் பாக்கிறன். ஆரும் கேட்டால் தமக்கை வீட்டுக்குப் போயிட்டாள் எண்டு சொல்லுறன். கூட்டிக்கொண்டு போ."

கரியரில் ஒருபக்கமாக இருந்து போனேன். அரண்மனை என் மடியில். ஊர்காவற்றுறையில் சைக்கிளோடு பாதையில் ஏறினோம். ஆட்களையும் சைக்கிள்களையும் காரைநகருக்குக் கடத்துகிற மிதவையை அங்கே பாதை என்பார்கள். அதில் ஒரு கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கை பிள்ளை, செத்தவீடோ?" என்றார். எங்கள் ஊர்ப் பக்கங்களில் ஒரு பெண் மூட்டையோடு திடீரென்று வெளிக்கிட்டால் அது செத்தவீட்டுக்குத்தான். இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஓம் ஆச்சி, தூரத்துச் சொந்தம்" என்றார். கிழவி எனக்காக இரண்டு பெருமூச்சு விட்டார்.

கடற்கரையில் இரண்டு சவுக்குக்கு நடுவில் அரண்மனையைக் கட்டினார். "நான் அடுப்புக்குக் கிட்டவும் வரமாட்டன்" என்று முதலே சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே அதே புழுக்கொடியல் மாவைக் கொண்டுபோயிருந்தேன். அவர் காய்ச்சினார். நான் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மணலில் இருந்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னப்பா இது, இனிக்குது?"

"அண்டைக்குக் குடிச்சதும் இதுதான்."

"அண்டைக்கு நல்லா இருந்ததே!"

"அண்டைக்கு நான் இல்லை."

அவர் தன் பிலாவிலையை மணலில் வைத்தார். நான் பிலாவிலையில் வார்த்து வார்த்து, மிச்சமில்லாமல் குடித்தேன். நல்லாகவே இல்லை. அவர்கள் குடித்த கூழ் எனக்குக் கிடைக்கவில்லை.

விடிய நான் முதலில் எழும்பினேன், பழக்கம். கூட்ட முற்றம் இல்லை, மூட்ட அடுப்பு இல்லை. அவர் அரண்மனைக்குள் குறட்டை. கடல் வற்றியிருந்தது. ஈர மணலில் சுண்டுவிரல் நுழையும் அளவு துவாரங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மணல் உருண்டைகள் கடுகுபோல வரிசை வரிசையாக, நடுவிலிருந்து நாலு பக்கமும் விரிந்து கிடந்தன. அசையாமல் குந்தியிருந்தேன். நகம் அளவு நண்டு ஒன்று வெளியே வந்து இன்னொரு உருண்டையை உருட்டி வைத்துவிட்டு ஓடியது. கரை முழுக்க அப்படி. தண்ணீர் ஏறி எல்லாவற்றையும் அழிக்கும்வரை பார்த்தேன். அவரை எழுப்பவில்லை. ஏன் எழுப்பவேண்டும்?

வீட்டுக்கு வந்து ஓலையை எடுத்தேன். ஓலை சாய்வாகத்தான் ஓடும், வட்டம் ஏலாது. குலைத்துக் குலைத்து இழைத்தேன். கடைசியில் படிப்படியாக விரிகிற மாதிரி வந்தது. கண்காட்சியில் பெண்கள் சுற்றி நின்றார்கள். "என்ன பூ இது?" என்று ஒருவர் கேட்டார். பூ இல்லை என்று மட்டும் சொன்னேன். என்னவர் கொஞ்சம் தள்ளி நின்று, வேறு ஊர்க்காரன் கீறிய சீனைப் பார்ப்பதுபோல என் பாயைப் பார்த்தார்.

வரும் வழியில் கேட்டார். "எங்கை கண்டனீர் இதை?"

"அங்கைதான்."

"நானும் அங்கைதானே கிடந்தனான்?"

"நீங்கள் அரமனையிலை நித்திரை."

"சொல்லுமப்பா."

நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பொழுதுபடத் திரும்பினார், பாட்டு இல்லை. "கண்டனீங்களோ?" என்றேன். "இல்லை" என்று கதிரையில் இருந்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம், எத்தனையோ நாள் கண்ணாடியில் பார்த்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அவருக்குத் தெரியாது. அந்த நண்டின் பெயர் எனக்கும் தெரியாது. அது எல்லா மாதமும் அப்படி உருட்டுமா, நான் பார்த்தது விடியலில்தானா, கொஞ்சம் வெயில் ஏறிய பிறகா என்பதும் இப்போது தடுமாறுகிறது. காரைநகரில் இருக்கிற யாராவது கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் போய்க் குந்தியிருந்து, நான் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.