வார்டன் அக்காவின் ‘உடந்தை’

வார்டன் அக்கா சாவிப் பலகையின் முன் நின்று, தொங்கும் சாவிகளை விரலால் தட்டிப் பார்க்கிறார். விடுதியில் ஆளுக்கொரு சாவி, ஆளுக்கொரு கொக்கி. சாவி தொங்கினால் ஆள் வெளியே; கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே. பெண்ணைச் சேர்க்க வரும் பெற்றோர் எல்லோருக்கும் இதை அவரே விளக்கி, “பலகை பொய் சொல்லாது சார்” என்று முடிப்பார்.

அவர் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் உடந்தை. குழாயைத் திறந்துவிட்டுப் போனவளைவிட, தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கியவளுக்குத்தான் திட்டு அதிகம். பூனை பாலைக் குடித்த அன்று பூனையை ஒன்றும் சொல்லவில்லை. “அது திருடி, அது வேலைய அது பாத்துது. இந்த ஜன்னல்தான் உடந்தை” என்று கதவைப் படீரென்று சாத்தினார்.

சதிகாரிகள் என்றே எங்களைச் சொல்லிவிடலாமே என்று ஒருத்தி சீண்டினாள்.

“சதி பண்ண மூளை வேணும்டி. அது உங்கள்ல யாருக்கு இருக்கு? உடந்தைக்கு வாயை மூடிட்டிருந்தா போதும்.”

இடுப்பில் பெரிய சாவிக்கொத்து இருந்தும் சத்தமில்லாமல் வந்து நிற்பார். கொத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் செருகியிருப்பதை நான் வெகுநாள் கழித்தே கவனித்தேன். தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்து இங்கே தங்கியிருக்கும் என்மேல் அவருக்கு நம்பிக்கை குறைவு. “காலுல சக்கரம் கட்டினவளுக்கு எதுக்குடி பூட்டும் சாவியும்?”

போன வாரம் என் அறைத்தோழி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அந்த வேலையே வேண்டாம், மீறினால் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அதனால் விஷயம் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தோம். திருட்டுத்தனமாகப் போகிறவள், பழக்க தோஷத்தில் சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

அன்றைக்கே மழையோடு அவள் அப்பா வந்து இறங்கினார், சொல்லாமல் கொள்ளாமல். வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார். வார்டன் அக்கா பலகையைப் பார்த்தார், பிறகு என்னை. நான் வாய் திறக்கவில்லை.

அப்பா உள்ளே வந்ததும் முதலில் பலகையைத்தான் தேடினார். மகளின் கொக்கி காலியாக இருந்தது.

“உள்ளதான் இருக்காளா?”

“குளிக்கப் போயிருக்கா சார். தலைக்கு ஊத்துறா, நேரமாகும். உக்காருங்க, டீ கொண்டாரச் சொல்றேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். வார்டன் அக்கா என்னைக் கடந்து சமையலறைப் பக்கம் திரும்பினார். போகிற போக்கில் என் உள்ளங்கையில் அந்தச் சாவியை வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டுப் போனார்.