ஆஷா தனியாகச் சாப்பிட்ட பதினோரு நாட்கள்

மதியச் சாப்பாட்டு மணி அடித்துப் பெண்கள் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அன்புசெல்விக்குப் பழைய பனியன் கம்பெனியின் செக்கிங் ஹால் ஞாபகம் வந்துவிடும். இப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு, வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். குண்டடத்திலிருந்து முதன்முதலாக வேலைக்கு வந்தபோது இருபதுகூட ஆகவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஆஷா அவளுக்கு எதிரே நின்று பனியனில் ஓட்டையும் கறையும் பார்ப்பாள். ரேடியோவில் பாட்டு வந்தால் கூடவே மெல்லப் பாடுவாள். இவளுடைய கொள்ளுப்பருப்பும் அவளுடைய கருவாட்டுக் குழம்பும் ஒரே தட்டில்தான். மூன்று வருஷம். அப்படிச் சிரித்த காலம் பிறகு அன்புசெல்விக்கு வாய்க்கவில்லை.

பெரியவர்கள் எதை மெச்சுகிறார்களோ அதுவே சரி என்று வளர்ந்தவள் அவள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள், தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரிக்க ஆடிட் வருவதற்கு முன்னால், கேள்வியும் பதிலுமாக ஒரு தாளை மேனேஜர் கொடுப்பார். அன்புசெல்வி அதை மனப்பாடம் செய்து மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பாள். பாத்ரூமுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பது அதில் ஒரு பதில். உண்மையில் பாத்ரூம் பூட்டின் சாவி சூப்பர்வைசர் மேஜையில் இருந்தது. இரண்டாம் தடவை கேட்டால் முறைப்பு கிடைக்கும். ஆனாலும் அவள் கணீரென்று பதில் சொல்லிவிட்டு வந்தபோது ஹாலே கைதட்டியது. பொய் சொன்னோம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

அடுத்த ஆடிட்டில் ஆஷாவைக் கூப்பிட்டார்கள். அவள் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டாள்.

ஆர்டர் கையைவிட்டுப் போய்விடும் என்று ஹால் முழுக்கப் பயம். பேசக்கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை; ஆனால் ஒருவரும் ஆஷாவிடம் பேசவில்லை. அன்புசெல்வியும் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள் ஆஷா வேலைக்கு வரவில்லை.

ஆர்டர் போகவில்லை. பாத்ரூம் பூட்டைத்தான் கழற்றினார்கள். எல்லாரும் நிம்மதியாகப் போய்வந்தார்கள். ஆஷாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

போன வருஷம் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், தையல் கடையொன்றில் ஆஷா உட்கார்ந்திருப்பதை அன்புசெல்வி பார்த்தாள். தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்ததும் ஆஷாவே ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வாங்கி வரச் சொன்னாள். பழைய பாட்டுகளைப் பேசிச் சிரித்தார்கள்.

"நான் சொன்னது பொய்யின்னே அப்பத் தோணுல ஆஷா. அத்தன பேரு மெச்சுனாங்க, நல்லதுதான்னு நெனச்சுட்டேன்."

ஆஷா கையிலிருந்த துணியை மடித்தாள். "நீ சொன்னத நான் பெருசா எடுக்கலட்டீ. எல்லாரும் ஒதுங்குனாவ, அதையும் தாங்கிக்கிட்டேன். நீ எந்திரிச்சுப் போனதத்தான் தாங்க முடியல."

அன்புசெல்வி கல்யாணத்துக்குப் போகாமல் சாயங்காலம் வரை அந்தக் கடையிலேயே இருந்துவிட்டாள்.

இந்தத் தை மாதம் இப்போதைய கம்பெனியின் மேனேஜர் சசிகுமார் வழக்கம்போல் ஆடிட் தாளை நீட்டினார்.

"பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கறதில்லீங்க சார். அவங்க பாத்தத அவங்களே சொல்லட்டுங்க."

சசிகுமார் தாளை வேறொருத்தியிடம் கொடுத்தார். அந்த வாரம் லைனில் சிலர் அன்புசெல்வியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கொள்ளுப்பருப்பு கடைந்து எடுத்துக்கொண்டு உடுமலைக்கு பஸ் ஏறினாள்.