நடைபாதையில் நாற்பத்திரண்டு பெட்டிகள்

கிடங்கில் அவளை எல்லோரும் அலமாரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உருவமும் கொஞ்சம் அப்படித்தான், ஆனால் அதை அவள் காதுபடச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பகுதிநேர வேலை, ஐந்து வருடம். அவள் பெட்டி அடுக்கினால் இரண்டுக்கும் நடுவே நுழைய எறும்புகூட வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவன் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் வெறுத்துப்போய், மூன்று முறை கோட்டைவிட்டு நான்காவது முறை வாங்கிய லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஒரு பார்சல் கம்பெனிக்குப் போனாள். பகுதிநேரமாக வேன் ஓட்டும் வேலை காலியாக இருந்தது.

"திங்கட்கிழமை ஒரு நாள் ஓட்டிக் காட்டுங்க. நாப்பத்திரண்டு பார்சல். ரெண்டு மணிக்குள்ள முடிச்சா வேலை உங்களுக்கு" என்றாள் அங்கிருந்த மேனேஜர். அலமாரி அக்காவைவிடப் பத்து வயது சின்னவள்.

வேலை கிடைத்தே விட்டது என்று நினைத்துக்கொண்ட அக்கா, வெள்ளிக்கிழமை கிடங்கு சூப்பர்வைசரிடம் ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் ஐந்தே நிமிடத்தில் கொட்டினாள். அவருடைய வழுக்கை, அவருடைய விசில், யாராவது கழிவறைக்குப் போனால் அவர் கடிகாரம் பார்க்கும் அழகு, எதையும் விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை சொதப்பினால் இனி அந்தக் கிடங்கின் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

வீட்டுக்காரர் மின்விசிறி ரிப்பேர் செய்கிறவர். வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் யோசனைக்குப் பஞ்சமே இல்லை.

"வளைவுல மெதுவாப் போ. லாரி பின்னாடி ஒட்டிக்கிட்டே போகாத."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் இதுல எவ்வளவு ஆபத்துன்னு எனக்குத் தெரியுது."

திங்கட்கிழமை அக்கா வேனை அடுக்கிய அழகு இருக்கிறதே! பெரியது அடியில், சிறியது மேலே, பொடிசுகள் சந்து பொந்துகளில். தரையிலிருந்து கூரைவரை ஒரே சுவர். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பழைய டிரைவர், "என்னக்கா, வீடு கட்டுறீங்களா?" என்றார். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

முதல் வீட்டு வாசலில்தான் விஷயம் புரிந்தது. அந்த வீட்டுக்கு வந்திருந்தது சோப்பு டப்பா அளவில் ஒரு பொட்டலம். அது கிடந்த இடம் அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அடிவரிசையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சைக்கிள் பெட்டிக்கும் நடுவே. கிடங்கில் எந்தப் பெட்டியையும் நடந்துபோய் எடுக்கலாம். வேனுக்குள் எங்கே நடப்பது? எந்த வீடு முதலில், எந்த வீடு கடைசியில் என்று பார்த்து ஏற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

வேறு வழியில்லை. ஒவ்வொன்றாக இறக்கி நடைபாதையில் வைத்தாள். பத்துப் பெட்டி இறங்குவதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"ஏம்மா, அந்தப் பெரிய பெட்டி என்ன விலை?" என்றார் காய்கறிப் பையோடு வந்த ஒருவர்.

"விக்கறதுக்கு இல்லைங்க."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. குறைச்சு ஒரு விலை சொல்லு."

"ஒரு கை பிடிச்சு இறக்கிக் குடுங்க, சொல்றேன்."

மனிதரைக் காணவில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார். "எத்தனை முடிஞ்சுது?"

"ஒண்ணும் முடியல. எல்லாம் ரோட்டுல கிடக்கு."

"ஐயோ! வண்டி கவிழ்ந்துடுச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. கவிழ்ந்தது நான்." நடந்ததைச் சொன்னாள்.

"அங்க கேட்டா பஞ்சர்னு சொல்லிடு. பஞ்சரானா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"போனை வைங்க முதல்ல."

முதல் வீட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கடைசி வீட்டுப் பெட்டி உள்ளே, அடுத்த வீட்டுப் பெட்டி கதவோரம் என்று மறுபடி எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க மொத்தம் நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை அவளுடைய முழங்காலைக் கேட்டால் சொல்லும். மணியடி, கையெழுத்து வாங்கு, ஓடு. லிஃப்ட் இல்லாத நான்காவது மாடியில் கடைசிப் பெட்டியைக் கொடுத்தபோது மணி இரண்டே கால்.

ஆபீசில் மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். வேன் போன வழியெல்லாம் அதில் கோடாக இருந்தது. "முதல் வீட்டுகிட்டயே வண்டி நாப்பது நிமிஷம் நின்னிருக்கே. என்னாச்சு?"

பஞ்சர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஐந்து வருடத்தில் அவள் அடுக்கியதை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. இப்போது அதைத் தன் வாயாலேயே சொல்வதற்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"தப்பா அடுக்கிட்டேன்மா" என்றாள். "எல்லாத்தையும் இறக்கி மறுபடி ஏத்தினேன்."

"தனியாவா?"

"பின்ன, உங்க மாமனாரா வந்து தூக்கினாரு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கத்தான் அவ்வளவு நேரம் பேப்பரைப் புரட்டினாளோ என்னவோ.

"ஒரு பெட்டிகூட நசுங்கல. ஒரு புகாரும் வரல. ஆனா லேட்டு லேட்டுதான்" என்றாள் கடைசியில். "வேலை இன்னும் தரல. நாளைக்கு இன்னொரு தடவை ஓட்டுங்க. அதுக்கப்புறம் சொல்றேன்."

வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்க. சாப்பிட்டீங்களா?"

"இல்ல. நீ என்ன ஆனியோன்னு ஒண்ணும் இறங்கல."

"மூணு மணி வரைக்குமா? வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்" என்றவள், போனை வைக்காமலே நடந்தாள்.