காலை அகட்டி நிற்கும் எழுத்து

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பேனர் கடையில் கணினி முன் உட்கார்ந்திருப்பார் அந்தப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தில் எந்நேரமும் ஓர் ஈரத்துண்டு. எதைச் செய்து முடித்தாலும் திரையை வாசல் பக்கம் திருப்பிவிட்டு, சாலையைக் கடந்து எதிரே போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

அப்பாவின் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்காக அங்கே போயிருந்தேன். அப்பாவின் பெயருக்கு அவர் வைத்தது, அல்வாக் கடைப் பலகையிலும் கோயில் கொடைவிழா நோட்டீசிலும் வருகிற பழங்காலத்துத் தடித்த எழுத்து. முனைக்கு முனை பட்டையாகப் பாதம் வைத்து, காலை அகட்டி நிற்கும். நேற்றுத் திறந்த கடையைக்கூட மூன்று தலைமுறைக் கடையாகக் காட்டிவிடும்.

“இது வேண்டாம்மா. எங்கப்பா பையத்தான் பேசுவாவ. இது சத்தம் போடுத மாதிரி இருக்கு.”

மெல்லிய எழுத்துக்கு மாற்றினார். எதிரே போய்ப் பார்த்தார். வந்து பெருமூச்சோடு தடித்ததையே மறுபடி வைத்தார்.

“வீட்டுல பைய பேசுனா பக்கத்துல போய்க் கேட்டிருப்பிய. இனி பஸ்ல போறவனுக்குல்லா கேக்கணும், அண்ணாச்சி.”

வாதாடத் தெம்பில்லை. தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, பேருந்தில் முன்னிருக்கைக்காரர் ஜன்னல் வழியே சுவரொட்டியைப் பார்த்து அப்பாவின் பெயரை வாய்விட்டு வாசித்தார். அவ்வளவு சத்தமாக அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

அந்தப் பெண்ணிடம் சொல்லலாமென்று ஜங்ஷனில் இறங்கினேன். அவர் சாலைக்கு எதிரே நின்று, வேறு யாருடைய பெயரையோ கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.